டைம்டேபிள் டீச்சர்

கூட்டம் ஒன்பது மணிக்கு. டீச்சர் எட்டேகாலுக்கே வந்து நாற்காலிகளை இடம் மாற்றிக்கொண்டிருக்கிறார். நீள மேசையைச் சுற்றி இருபத்துமூன்று நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் அமைப்பின் பெயர் அட்டை. போன வாரம் யார் எங்கே உட்கார்ந்தார்கள், யாருக்கு எந்த இடம் பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. கூடாரம் கொடுக்கிறவர்களையும் தார்ப்பாய் கொடுக்கிறவர்களையும் அடுத்தடுத்து வைக்கிறார். கழிப்பறை கட்டுகிறவர் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறார். நடுவில் யாரோ அழகுக்கு வைத்த பூந்தொட்டி இருவர் முகத்தை மறைக்கிறது. அதைத் தூக்கி ஜன்னலோரம் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிறார்.

"பக்கத்துல பக்கத்துல உக்காந்தா முழங்கை இடிக்கும் சார். ரெண்டு தடவை இடிச்சா மூணாவது தடவை பேசித்தானே ஆகணும்."

ஆற்றங்கரை விளையாட்டரங்கத்தில் வெளியூர் அணிகள் உடைமாற்றும் அறை அது. வெள்ளத்துக்குப் பிறகு நகரத்தில் நனையாமல் மிஞ்சிய பெரிய அறைகளில் ஒன்று. ஒன்று முதல் பதினெட்டு வரை எண் போட்ட கொக்கிகளில், சட்டைகள் தொங்கவேண்டிய இடத்தில், உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த உதவி அமைப்புகளின் தலைவர்கள் தங்கள் பைகளை மாட்டுவார்கள். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கூட்டத்தில் யாராவது கோபப்பட்டால் அந்தக் கோபம் இரண்டு பேர் கோபமாகத் தெரியும். நான் அங்கே ஐந்து மாதம் குறிப்பெழுதுகிறவனாக இருந்தேன். யார் என்ன சொன்னார் என்று எழுதுவதுதான் என் வேலை. எழுதாமல் விட்டது நிறைய இருக்கிறது. அதில் பெரும்பகுதி இவரைப் பற்றியது.

ஐம்பதைத் தொடப்போகும் வயது. குட்டையான உருவம். தோளில் ஒரு துணிப்பை, அதில் எப்போதும் நான்கைந்து சாக்பீஸ். அறையில் படம் காட்டும் கருவி இருந்தும் ஒரு கரும்பலகையைத் தேடிக் கொண்டுவந்து வைத்தார். பதினாறு வருடம் ஒரு பெரிய பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஐம்பத்திரண்டு வகுப்புகள், எண்பது ஆசிரியர்கள். வருடா வருடம் கால அட்டவணை போடும் வேலை இவர் தலையில்தான் விழும். அதனால் கூட்டத்தில் எல்லோரும் அவரை 'டைம்டேபிள் டீச்சர்' என்பார்கள். நேரில் கூப்பிடும்போது வெறும் டீச்சர்.

அவருடைய பதவியின் பெயர் நீளமானது. அமைப்புகளுக்கிடையிலான கூட்டுப்பணி ஒருங்கிணைப்பாளர். அதைச் சொல்லச் சொன்னால் அவருக்கே மூச்சு வாங்கும். "ஒரு கிளாஸ்ல ரெண்டு டீச்சர் நிக்கக் கூடாது. எந்த கிளாஸும் டீச்சர் இல்லாம இருக்கக் கூடாது. அவ்வளவுதான் சார் இந்த வேலை," என்றார் என்னிடம் முதல் நாள்.

கரும்பலகையில் கட்டம் போட்டிருந்தார். இடப்பக்கம் மேலிருந்து கீழாகப் பதினேழு முகாம்கள். குறுக்கே தண்ணீர், உணவு, கூரை, மருந்து, கழிப்பறை, பள்ளி. ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு கேள்விகள். யாரு? எங்க? என்ன? எதுவரைக்கும்? முதல் மூன்றும் இந்தத் துறையில் எல்லோரும் கேட்பவை. நான்காவதை அவராகச் சேர்த்தார். "வருஷ நடுவுல பிரசவ லீவுல போற டீச்சரை ஜூன் மாசமே கேட்டு வெச்சுக்கணும்ல?" பெயரே இல்லாத கட்டத்துக்கு அவர் சொல்லும் பெயர் 'காலிப் பீரியட்'. அந்த வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் விளையாட்டு இருக்காது.

ஒருமுறை நான்காம் முகாமில் கொசுவலை கொடுக்க இரண்டு அமைப்புகள் ஒரே வாரத்தில் போய்விட்டன. வீட்டுக்கு நான்கு வலை. ஐந்தாம் முகாமில் ஒன்றுகூட இல்லை. நான்காம் முகாம்காரர்கள் மிஞ்சிய வலையில் மீன் பிடித்தார்கள், மாவு சலித்தார்கள், ஒருவர் தன் கோழிகளுக்கு மாளிகையே கட்டிவிட்டார். டீச்சர் அந்த இரண்டு அமைப்பின் தலைவர்களையும் நேரே கோழி மாளிகைக்கு முன்னால் அழைத்துப்போய் நிறுத்தினார். ஒரு வார்த்தை பேசவில்லை. கோழிகள் வலைக்குள்ளிருந்து அவர்களைப் பார்த்தன. முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு இன்னொருவர். மறுநாளே ஐந்தாம் முகாமுக்கு வலை போனது.

"நீங்க ஏன் திட்டலை?" என்று கேட்டேன்.

"என்னால யாரையும் திட்ட முடியாது சார். இவங்க யாரும் எனக்குக் கீழ வேலை பாக்கலை. இவங்க மேலிடம் எல்லாம் எங்கெங்கயோ இருக்கு. நான் சொன்னா கேக்கணும்னு ஒரு சட்டமும் இல்லை."

அதுதான் உண்மை. உத்தரவு போட அதிகாரம் இல்லை. ஒரு வண்டிகூட அவர் பேரில் இல்லை. மாவட்ட அதிகாரி கையெழுத்துப் போட்டால் நகரும் விஷயங்களை இவர் கேட்டுக் கேட்டே நகர்த்த வேண்டும். கையில் பிரம்போடு எத்தனையோ பேரைப் பார்த்தவன் நான். பிரம்பே இல்லாமல் இருபத்துமூன்று பேரை ஒரு திசையில் நடக்கவைக்கிற ஆளை அங்கேதான் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டக் குறிப்பில் ஒரு சந்தேகம் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். கீழ்த்தளத்தில் இடுப்பளவுக்கு வெள்ளம் நின்ற கறை. மாடி அறையில்தான் சமையல், தூக்கம் எல்லாம். டீச்சர் குளிக்கப் போயிருந்தார். அவர் கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவர். அவரும் கண்ணாடி போட்டவர்தான். வெங்காயத்துக்கு அது நல்ல பாதுகாப்பு என்றார்.

"கல்யாணமான புதுசுல நான் துணி காயப்போட்டுட்டு இருந்தேன். இவளும் வந்து நின்னா. பாசமா உதவி பண்ண வர்றாளாக்கும்னு நெனச்சேன். 'ஒரு கொடிக்கு ரெண்டு பேர் எதுக்கு, நீங்க போயி பால் பொங்குதான்னு பாருங்க'ன்னு அனுப்பிட்டா." சிரித்தார். "பால் பொங்கித்தான் இருந்துது. அதுவேற விஷயம்."

சிரிப்பு நின்றதும் கத்தியைக் கீழே வைத்தார். குளியலறைக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"வெள்ளம் வந்த அன்னைக்கு எங்க தெருவுக்கு மூணு படகு வந்துது சார். ஒண்ணு பின்னால ஒண்ணா மூணு. ஒவ்வொண்ணும் வேற வேற ஆளுங்க. இங்கதான் உயரமான கட்டடம் இருக்கு, தூரத்துலேருந்தே தெரியும். முதல் படகுலயே நாங்க ஏறிட்டோம். மத்த ரெண்டும் சும்மா திரும்பிப் போச்சு. பின்தெருவுல இவ அண்ணன் இருந்தார். தினமும் ஊசி போட்டுக்கிற சர்க்கரை நோயாளி. மருந்து தண்ணியில போயிடுச்சு. அந்தத் தெருவுக்கு ஒரு படகும் வரலை. ரெண்டு நாள் மொட்டைமாடியில இருந்திருக்கார். மூணாம் நாள் காலையில போனப்ப..."

கத்தியை மறுபடி எடுத்தார்.

"மூணு படகும் நல்ல படகுதான் சார். யாரும் தப்பு பண்ணலை. பின்தெருவுக்கு யாரும் போகலைன்னு யாருக்கும் தெரியலை, அவ்வளவுதான். காரியம் முடிஞ்ச கையோட இவ பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் குடுத்துட்டா. விளையாட்டரங்கத்துல போயி பேர் எழுதற வேலைக்கு நின்னா. ஒருங்கிணைப்புக்குன்னு வந்திருந்த அதிகாரியை வேற நாட்டுக்கு மாத்தினப்ப, 'அந்தக் கட்டம் போடுற அம்மாவையே உக்கார வெச்சிட்டுப் போறேன்'னு சொல்லிட்டுப் போனார்."

டீச்சர் தலையைத் துவட்டியபடி வந்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். என்ன பேசியிருப்போம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "சார், அந்தக் குறிப்புல ஒன்பதாம் முகாம்னு எழுதியிருக்கீங்க. அது ஆறு," என்றார்.

இனி நான் சொல்லவந்த விஷயம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், பழைய செங்கல் சூளை மைதானத்தில் பத்தாம் முகாம். பதினோராயிரம் பேர். இருப்பதிலேயே பெரியது. அங்கே தண்ணீர் கொடுத்தது ஒரு சின்ன அமைப்பு. மொத்தம் எட்டே பேர். ஆறு லாரிகளை வாடகைக்கு எடுத்து மூன்று மாதமாக ஒரு நாள் தவறாமல் தண்ணீர் கொண்டுபோனார்கள். அவர்களுடைய தலைவர் வெயிலோ நிழலோ எந்நேரமும் சிவப்புத் தொப்பியோடு இருப்பார். எல்லோருக்கும் அவர் தொப்பிக்காரர். பத்தாம் முகாம், தண்ணீர் என்ற கட்டத்தில் நான்காவது கேள்விக்கு நேரே 'தொடரும்' என்று எழுதியிருந்தார்.

டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. வாரத்துக்கு இரண்டு நாள் மதியச் சாப்பாட்டை லாரி ஓட்டுநர்களோடு சாப்பிடுவார். தலைவர்கள் எழுதித்தருவது ஒரு கணக்கு என்றால், ஓட்டுநர்கள் சொல்வது சரிபார்ப்பு என்பது அவர் எண்ணம். ஒன்பதாம் தேதி மதியம் தண்ணீர் லாரி ஓட்டுநர் ஒருவர் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்.

"டீச்சர், இருபதாம் தேதிக்கு மேல எங்களுக்கு வேற எங்கயாவது வண்டி ஓட்டற வேலை இருக்குமா?"

"ஏன், இந்த வேலை?"

"எங்களை வேற பாத்துக்கச் சொல்லிட்டாங்களே. பத்தொன்பதோட கடைசி நடை. உங்களுக்குச் சொல்லலையா?"

டீச்சர் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு எழுந்தார். நானும் கூடவே போனேன். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் இதைக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் தொப்பிக்காரர் தலை நிமிர்ந்திருக்க முடியாது. டீச்சரோ விளையாட்டரங்கத்துக்கு வெளியே அவருடைய ஜீப் அருகில் போய்க் காத்து நின்றார். அரைமணி நேரம் வெயிலில் நின்றபின் தொப்பிக்காரர் வந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் நடை தளர்ந்தது.

"வேற நாட்டுல பூகம்பம் டீச்சர். எங்க எட்டு பேரையும் அங்க வரச் சொல்லிட்டாங்க. நான் ரெண்டு தடவை எழுதிப் பாத்துட்டேன். முடியாதுன்னுட்டாங்க."

"எப்ப தெரியும்?"

"பத்து நாளாச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. அந்த முகாம்ல என்னைப் பாத்தா குழந்தைங்கல்லாம் ஓடி வருது. அதுங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். உள்ளே வழுக்கை. அன்றுதான் பார்த்தேன்.

"போறது தப்பே இல்லை. அங்கயும் மனுஷங்கதான் இருக்காங்க," என்றார் டீச்சர். "சொல்லாமப் போனா இங்க ஒரு கட்டம் காலியாயிடும். எனக்குத் தெரிஞ்சிருந்தா இன்னும் பத்து நாள் கையில இருந்திருக்கும். பரவாயில்லை. இப்ப பதினோரு நாள் இருக்கு. உங்க தொட்டிகளை விட்டுட்டுப் போவீங்களா?"

"எல்லாத்தையும் விட்டுட்டுப் போறேன்," என்றார் அவர்.

பதினோராயிரம் பேருக்குத் தண்ணீர். பிற அமைப்புகளின் லாரிகள் எல்லாம் மற்ற முகாம்களில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு லாரியை இழுத்தால் இன்னொரு கட்டம் காலியாகும். கரும்பலகை முன்னால் டீச்சர் வெகுநேரம் நின்றார். பிறகு இரண்டு கட்டங்களில் விரலை வைத்தார்.

ஒன்று, மருத்துவ அமைப்பு. பத்தாம் முகாமிலிருந்து கொஞ்ச தூரத்தில், அதே கரையில் அவர்களுடைய கூடார மருத்துவமனை. அங்கே ஆற்று நீரைச் சுத்தம் செய்யும் பெரிய இயந்திரம் இருந்தது. காலை மூன்று மணி நேரம் ஓடினால் மருத்துவமனைக்குப் போதும், மீதி நேரம் சும்மா கிடக்கும். இரண்டாவது, தண்ணீர் வேலை செய்யும் பெரிய அமைப்பு. அவர்கள் கிடங்கில் குழாய்கள் குவிந்திருந்தன, பொருத்தத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். இயந்திரத்தையும் குழாயையும் சேர்த்தால் லாரியே வேண்டாம்.

சேர்ப்பதில்தான் சிக்கல். மருத்துவ அமைப்பின் தலைவியை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். தண்ணீர் அமைப்பின் தலைவரான பொறியாளரைக் குழாய்க்காரர் என்பார்கள். இருவருக்கும் நான்கு வருடமாகப் பேச்சில்லை. வேறொரு நாட்டு முகாமில் அறுபது குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. குழாய்க்காரரின் தொட்டியில் குளோரின் போடவில்லை என்று டாக்டரம்மா அறிக்கை எழுதினார். தொட்டி சுத்தம்தான், மக்கள் பிடித்துவைத்த பாத்திரங்களில்தான் கோளாறு என்றார் குழாய்க்காரர். எது உண்மை என்று கடைசிவரை தெரியவில்லை. இரண்டு குழந்தைகள் பிழைக்கவில்லை. அதன்பின் ஒருவர் இருக்கும் பக்கம் இன்னொருவர் திரும்புவதில்லை. முழங்கை வைத்தியம் செய்கிற டீச்சரே இந்த இருவரையும் மேசையின் இரு முனைகளில்தான் உட்காரவைப்பார்.

முதலில் டாக்டரம்மாவிடம் போனார். "உங்க மெஷின்லேருந்து பத்தாம் முகாம் எவ்வளவு தூரம்னு தெரியணும். நாளைக்குக் காலையில ஒரு நாடாவோட சூளைப் புகைபோக்கி வரைக்கும் அளந்துட்டு வர்றீங்களா?"

"முகாம் வரைக்கும் இல்லையா?"

"மீதியை முகாம் பக்கத்துலேருந்து குழாய்க்காரர் அளந்துட்டு வருவார்."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "டீச்சர், அந்த ஆள் வர்றார்னு தெரிஞ்சே என்னைக் கூப்பிடறீங்களா?"

"ஆமா. தெரியாமக் கூப்பிட்டா அது ஏமாத்து."

குழாய்க்காரரிடமும் இதையேதான் சொன்னார். அவர் ஐந்து நிமிடம் மேசை டிராயரைத் திறந்து திறந்து மூடினார். "அளக்கறதுக்கு மட்டும்தான் வருவேன்," என்றார்.

"அளக்கறதுக்கு மட்டும்தான் கூப்பிடறேன்."

மறுநாள் காலை ஏழரை மணிக்கு நானும் டீச்சரும் புகைபோக்கி அடியில் நின்றோம். வடக்கே இருந்து டாக்டரம்மா சேற்றில் கால்வைத்து, முள்ளை விலக்கி, நாடாவை இழுத்தபடி வந்தார். தெற்கே இருந்து குழாய்க்காரர், நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆளோடு. இருவரும் ஒரே சமயத்தில் வந்து சேரவில்லை. டாக்டரம்மா முதலில் வந்து, எண்ணூற்றுப் பத்து மீட்டர் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. குழாய்க்காரர் வந்து, ஐந்நூற்றுத் தொண்ணூறு என்றார், யாரையும் பாராமல்.

"ஆயிரத்து நானூறு," என்றார் டீச்சர். அதோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

இங்கேதானே ஏதாவது சொல்ல வேண்டும். சமாதானமாக ஒரு வார்த்தை, பதினோராயிரம் பேரைப் பற்றி ஒரு வார்த்தை. டீச்சர் நோட்டில் எண்ணை எழுதிவிட்டு, அந்த நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு, முதல் கை உயரும்வரை காத்திருக்கும் ஆசிரியையின் பொறுமை அது. எங்கோ ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது.

"குளோரின் யார் பாக்கறது?" என்று கேட்டார் டாக்டரம்மா. டீச்சரைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி நான்கு வருடப் பழையது என்று நாங்கள் எல்லோருமே அறிவோம்.

குழாய்க்காரர் நாடாவை மெதுவாகச் சுற்றினார். முழுதும் சுற்றி முடித்துவிட்டுச் சொன்னார். "நீங்களே பாருங்க. காலையில ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை. முகாம் முனையில என் ஆளும் கூட நிப்பான். ரெண்டு பேரும் ஒரே தாள்ல கையெழுத்துப் போடட்டும்." கொஞ்சம் நிறுத்தினார். "அப்பவும் அப்படிச் செஞ்சிருக்கணும்."

டாக்டரம்மா தலையை அசைத்தார். பிறகு, "சேறு அந்தப் பக்கம்தான் ஜாஸ்தி. குழாயை வேலியோரமா கொண்டு போங்க," என்றார். நான்கு வருடத்தில் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம்.

திரும்பி வரும்போது டீச்சரைக் கேட்டேன். "ஒரு வேலைக்கு ரெண்டு ஆள் கூடாதும்பீங்களே. குளோரின் பாக்க ரெண்டு ஆளுக்கு ஒத்துக்கிட்டீங்களே?"

"தண்ணி பாக்கறது ஒரு ஆள் வேலைதான் சார்," என்றார். "நம்பறதுக்கு ரெண்டு ஆள் வேணும்."

பிறகு வேலை பறந்தது. சூளைக்காரரிடம் அவர் நிலத்தின் வழியே குழாய் போட அனுமதி கேட்கப் போனோம். அவர் டீச்சரை ஏற இறங்கப் பார்த்து, "சரிங்க, எதுவரைக்கும் இருக்கும் இந்தக் குழாய்?" என்றார். டீச்சர் சிரித்ததை நான் பார்த்த வெகு சில தருணங்களில் அது ஒன்று. "நல்ல கேள்வி," என்று சொல்லி, தேதி போட்டு எழுதிக் கொடுத்தார்.

பதினாறாம் தேதி மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. தோண்டிய பள்ளம் எல்லாம் சரிந்தது. பதினெட்டாம் தேதி நடந்த கூட்டத்தில் குழாய்க்காரர் எழுந்து, இருபத்திரண்டுக்கு முன்னால் முடியாது என்றார். தொப்பிக்காரரின் ஆட்கள் இருபதாம் தேதி விடியும்போது விமானத்தில் இருப்பார்கள். அவர்கள் வாடகைக்கு எடுத்த லாரிகளை வேறு யாரோ பிடித்துவிட்டார்கள்.

டீச்சர் கரும்பலகைக்குப் போனார். பத்தாம் முகாம், தண்ணீர். இருந்த பெயரை அழித்தார். சாக்பீஸ் தூள் கையில் ஒட்டியது. "இருபது, இருபத்தொண்ணு. ரெண்டு நாள். யாரு?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். சத்தமாகப் பேசினால் தூரத்தில் இருப்பவர்களுக்குத்தான் கேட்கும், மெதுவாகப் பேசினால் எல்லோரும் கேட்பார்கள் என்பது அவருடைய இன்னொரு வழக்கம்.

நான் குறிப்பில் 'மௌனம்' என்று எழுதினேன். எழுதி முடித்தும் மௌனம் முடியவில்லை. இருபத்துமூன்று பேரும் மேசையைப் பார்த்தார்கள், எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் இன்னொரு இருபத்துமூன்று பேரும் மேசையைப் பார்த்தார்கள். ஒருவர் பேனாவைத் திறந்து மூடினார். நான் அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஒவ்வொருவர் வண்டிக்கும் ஒரு முகாம் காத்திருந்தது. டீச்சர் திரும்பவும் கேட்கவில்லை. யார் பெயரையும் சொல்லிக் கேட்கவில்லை. காலிக் கட்டத்துக்குப் பக்கத்தில், அதை மறைக்காமல், ஒதுங்கி நின்றார். அவர் நின்ற விதத்தில் ஒரு பின்தெரு எனக்குத் தெரிந்தது. அது வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

கடைசியில் போர்வை கொடுக்கும் அமைப்பின் பெண்மணி தொண்டையைச் செருமினார். தண்ணீருக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கூட்டங்களில் அதிகம் பேசாதவர். "எங்ககிட்ட மூணு லாரி இருக்கு. போர்வை ரெண்டு நாள் கழிச்சுப் போனா யாருக்கும் எதுவும் ஆயிடாது. ஆனா லாரியில தண்ணி எப்படி நிக்கும்?"

தொப்பிக்காரர் எழுந்தார். "எங்க ரப்பர் தொட்டி லாரி மேலயே உக்காரும். கட்டறதுக்கு என் ஆளுங்க நாளைக்கு சாயந்தரம் வரைக்கும் இருப்பாங்க."

"மூணு லாரி பத்தாது," என்றார் கூடாரக்காரர். "என்கிட்ட ஒண்ணு இருக்கு."

"காலையில மட்டும்னா நான் ஒண்ணு தர்றேன்," என்றார் பள்ளி அமைப்பின் தலைவர்.

அதற்குமேல் யார் எதைச் சொன்னார்கள் என்று என்னால் எழுதமுடியவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். டீச்சர் எழுதிக்கொண்டே இருந்தார், சின்னக் கட்டத்துக்குள் ஒன்பது பெயர்கள் நெருக்கியடித்து நின்றன. என் முப்பது வருடக் குறிப்பெழுதும் வேலையில் அழுகை வந்த ஒரே கூட்டம் அது. கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இருபதும் இருபத்தொன்றும் எல்லோருக்கும் அரைக் குடம் குறைவாகத்தான் கிடைத்தது. போர்வை லாரியில் வந்த தண்ணீரில் கம்பளி நூல் மிதந்ததாக ஒரு பேச்சு. ஆனால் யாரும் ஆற்றுத் தண்ணீரை மொண்டு குடிக்கவில்லை. அந்த இரண்டு நாளும் டாக்டரம்மாவின் ஆளும் குழாய்க்காரரின் ஆளும் ஒவ்வொரு லாரியிலும் குளோரின் பார்த்து ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். அப்படிச் செய்யச் சொல்லி அவர்களை யாரும் கேட்டிருக்கவில்லை.

இருபத்திரண்டாம் தேதி முற்பகல் பதினொரு மணிக்கு இயந்திரத்தை ஓட்டினார்கள். மருத்துவமனை முனையில் தலைவர்கள் எல்லோரும் நின்றார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். டாக்டரம்மாவும் குழாய்க்காரரும் சேர்ந்து விசையைத் திருப்பினார்கள், அதைப் படமெடுத்தார்கள். டீச்சரை எங்கும் காணவில்லை. குழாய் போன வழியே நடந்து முகாமுக்குப் போனேன். வரிசையாக நாற்பது குழாய்முனைகள். நாற்பதாவது முனையருகில் நின்றுகொண்டிருந்தார். முன்னால் இருந்த முனைகளில் எல்லாம் தண்ணீர் கொட்ட ஆரம்பித்துவிட்டது. இங்கே வெறும் காற்றுதான் சீறியது.

"கடைசிக் குழாயில வந்தாத்தான் சார் வந்த மாதிரி," என்றார், கண்ணை எடுக்காமல்.

காற்று இருமியது. ஒரு வாய் செம்மண் தண்ணீர் துப்பியது. பிறகு நீர்த்தாரை கைத்தடி கனத்துக்குத் தெளிவாக விழுந்தது. வரிசை ஒரு முழம் முன்னால் வந்தது. டீச்சர் ஒதுங்கிக்கொண்டார்.

வரிசையில் முதல் ஆளாக ஒரு பெண், இடுப்பில் குழந்தை. பெரிய அலுமினிய அண்டா ஒன்றைக் குழாயடியில் வைத்து விளிம்புவரை பிடித்தாள். பிறகுதான் அதை எப்படித் தூக்குவது என்று யோசித்தாள். சுற்றிலும் பார்த்தாள். டீச்சரின் கழுத்தில் தொங்கிய அட்டை கண்ணில் பட்டது. அந்த அட்டை போட்டவர்கள் எல்லோரும் ஏதாவது ஒன்றைக் கொடுக்க வருபவர்கள் என்று மூன்று மாதத்தில் அவளுக்குப் பழகியிருந்தது.

"நீங்க என்ன குடுக்கறவங்க?"

"நான் எதுவும் குடுக்கறதில்லைம்மா," என்றார் டீச்சர்.

அந்தப் பெண் அவரைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தாள். "சரி, அப்ப இந்தக் காதைப் பிடிங்க."

டீச்சர் துணிப்பையை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக் குனிந்து, அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார். இருவரும் ஒரே மூச்சில் தூக்கினார்கள். அவளுக்கு எட்டி எட்டி நடக்கும் நடை. முதல் சில அடிகளுக்குத் தண்ணீர் இருபுறமும் தளும்பியது. டீச்சர் தலையைச் சாய்த்து அவள் பாதங்களைப் பார்த்தார், அரை அடி பிந்தி, காலை மாற்றி வைத்து, அவளுடைய நடையோடு தன் நடையைச் சேர்த்துக்கொண்டார்.